பன்னிரண்டாம் கட்டிலின் மணி

ஐம்பது வயதில் எனக்கு ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் ஷமீமா. மேலப்பாளையத்தில் வீடு, ஒரு பழைய ஸ்கூட்டர், தோளில் லேப்டாப் பை. நாலு ஆஸ்பத்திரிக்கும் ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் கம்ப்யூட்டர் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறவர். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவன். என் பெயர் திரவியம். அதற்கு முன்னால் பதினாறு வருஷம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன். பிறகு ஈயும் வரவில்லை.

"குருன்னு கூப்பிடாதீங்க அண்ணாச்சி. சிரிப்பு வருது" என்பார் ஷமீமா.

சரி என்று வாயை மூடிக்கொண்டேன். மனசுக்குள் கூப்பிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்தது பிங். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு "இருக்கியா?" என்று ஒரு சின்னக் கேள்வி அனுப்புவது. அது "இருக்கேன்" என்று திருப்பிச் சொன்னால் நடுவில் வயர் நன்றாக இருக்கிறது. சொல்லவில்லை என்றால் மறுபடி அனுப்ப வேண்டும்.

"எத்தனை தடவைம்மா அனுப்ப?"

"பதில் வார வரைக்கும்."

இரண்டாம் நாள் நானே ஒன்றைக் கற்றுக்கொண்டேன். வேலை முடிந்ததும் அந்தக் கம்ப்ளெயின்ட்டை கம்ப்யூட்டரில் மூட வேண்டும். மூடும்போது 'காரணம்' என்று ஒரு கட்டம் வரும். அதில் முதலில் நிற்பது 'யூசர் எரர்'. மிஷின் மேல் குற்றமில்லை, முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் மேல்தான் என்று அர்த்தம். அதைத் தொட்டால் கம்ப்ளெயின்ட் உடனே மூடிக்கொள்ளும். வேறு எதைத் தொட்டாலும் போட்டோ கேட்கும், விளக்கம் கேட்கும், உயிரை வாங்கும். தினம் பத்துப் பன்னிரண்டு இடத்துக்கு அலைகிறவன் எதைத் தொடுவான்? எங்கள் தொழிலில் எல்லாரும் தொடுவதைத்தான் நானும் தொட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. சித்திரை வெயில். எலும்பு முறிவு ஆஸ்பத்திரியிலிருந்து அவசரம் என்று கூப்பிட்டார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடிக்கு ஏறி முடித்தபோது மணி ஒன்றரை. அதற்குள் அன்றைக்கு ஐந்து இடம் பார்த்திருந்தேன். முட்டி இரண்டும் தனித்தனியாக வலித்தது.

வார்டு வாசலில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு சிஸ்டர். பியூலா சிஸ்டர். அந்த வார்டில் பதினாறு கட்டில். இரண்டு சிஸ்டர் பார்க்க வேண்டிய இடம். ஒருத்தர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால் இவரே இரண்டு பேராக இருந்தார்.

ஒவ்வொரு கட்டிலிலும் வயரில் ஒரு பட்டன் தொங்கும். படுத்திருப்பவர் அமுக்கினால் இந்தக் கம்ப்யூட்டரின் வலது மூலையில் சத்தத்தோடு கட்டில் நம்பர் வரும். சிஸ்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்து 'பார்த்தாச்சு' என்று தொட வேண்டும். தொடாதது எல்லாம் மூலையில் இருக்கிற நோட்டிஃபிகேஷன் பலகையில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

"மூலையில மணிப் படம் இருக்குல்லா, அதைத் தொட்டா பலகை திறக்க மாட்டேங்கு அண்ணாச்சி. வட்டம் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. செட்டிங்ஸும் திறக்கல. மணிச் சத்தமும் வரல."

"எப்ப இருந்து?"

பியூலா சிஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு வாரமா. அன்னைக்கே உங்களுக்குப் போன்ல சொன்னேனே."

சொல்லியிருப்பார். எத்தனையோ பேர் சொல்கிறார்கள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னீங்க. பண்ணினேன். ஒரு மணி நேரம் ஓடிச்சு, மறுபடி நின்னுட்டு. மறுபடி போன் போட்டேன். நீங்க எடுக்கல."

அதற்குள் மேனேஜர் தாணு சார் கையில் ஒரு தாளோடு வந்தார். வாட்டசாட்டமான மனுஷர். அவரும் மாடி ஏறித்தான் வந்திருந்தார், மூச்சு வாங்கியது.

"சனிக்கிழமை பதினொண்ணாம் கட்டில்ல இருந்த டெய்லர் கீழ விழுந்துட்டாரு. தொடையில வெச்ச பிளேட்டு விலகிட்டு, மறுபடி ஆபரேஷன். மணி அடிச்சேன், அடிச்சேன், யாரும் வரலங்காரு. இந்தம்மாட்ட கேட்டா கம்ப்யூட்டரு திறக்கலங்கு. உங்க ரிப்போர்ட்டு என்ன சொல்லுது? நீங்களே பாருங்க."

தாளை நீட்டினார். இரண்டு வாரத்துக்கு முந்தின தேதி. என் பெயர். காரணம் என்ற கட்டத்தில் இரண்டே வார்த்தை. யூசர் எரர்.

"அப்ப மணி நல்லாத்தான இருக்கு? தொந்தரவா இருக்குன்னு இவங்கதான் அமத்தி வெச்சிருக்காங்க. நாலு மணிக்குப் பெரிய டாக்டர் விசாரிக்காரு. நான் இந்தத் தாளத்தான் காட்டப்போறேன். அதுக்குள்ள இதை ஓட வெச்சிருங்க."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்று போன் பேச ஆரம்பித்தார்.

பியூலா சிஸ்டர் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"பதினோரு வருஷம் அண்ணாச்சி. ஒரு மெமோ வாங்கினதில்ல. இப்படி எழுதி அனுப்பிட்டாங்கன்னா இந்த ஊர்ல வேற எந்த ஆஸ்பத்திரியில என்னைச் சேப்பாங்க?"

பேசினால் அந்தத் தாளைப் பற்றிப் பேச வேண்டும். மவுஸைப் பிடித்துக்கொண்டேன்.

மூலையைத் தொட்டேன். வட்டம் சுற்றியது. கீபோர்டில் கொடி போட்ட கீயையும் 'என்' கீயையும் சேர்த்து அமுக்கினேன். வட்டம்தான். செட்டிங்ஸைத் திறந்தேன். வெள்ளையாக ஒரு ஜன்னல் வந்து அப்படியே நின்றது. ஓடிக்கொண்டிருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். பழுது பார்க்கிற கட்டளை ஒன்று உண்டு, அதைக் கொடுத்தேன். இருபது நிமிஷம் தின்றுவிட்டு, கோளாறு ஏதும் இல்லை என்றது. கோளாறு இல்லையாம்! கடைசியில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். ஒரு நிமிஷம் பலகை திறந்தது. நம்பர் நம்பராக என்னவோ கொட்டியது. நான் படிப்பதற்குள் உறைந்துவிட்டது.

ஒரு வழி பாக்கி இருந்தது. அதே கம்ப்யூட்டரில் புதுப் பெயரில் ஒரு கணக்குத் திறப்பது. பழைய வீட்டை அப்படியே இடித்துத் தள்ளிவிட்டுப் புது வீட்டில் குடியேறுவது மாதிரி. பலகை சுத்தமாக இருக்கும், பட்டுப் பட்டென்று திறக்கும். பத்து நிமிஷ வேலை. பழையதில் இருந்தது எல்லாம் போய்விடும். போகட்டுமே என்று எனக்கு இருந்தது. அதோடு சேர்ந்து என் இரண்டு வார்த்தையும் போய்விடாதா என்றும் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

புதுக் கணக்குக்கு குருவின் பாஸ்வேர்ட் வேண்டும். போன் போட்டேன்.

"பழசுல என்ன இருக்குன்னு வாசிச்சீங்களா அண்ணாச்சி?"

"திறக்கவே மாட்டேங்கும்மா. எப்படி வாசிக்க?"

"எதையும் தொடாதீங்க. நான் வாரேன்."

இரண்டேகாலுக்கு வந்தார். மூன்று மாடி ஏறிய களைப்பில் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். காலில் செருப்பு வார் பதிந்து சிவந்து கிடந்தது. கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. பியூலா சிஸ்டரைப் பார்த்தார்.

"சாப்ட்டீங்களா சிஸ்டர்?"

"இல்ல."

"நானும் இல்ல."

பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு தின்றோம். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் கொதித்தது.

பிறகுதான் மவுஸைத் தொட்டார். பலகையைத் திறக்க முயற்சியே செய்யவில்லை. மணி அடித்த நேரம், கட்டில் நம்பர் எல்லாவற்றையும் அந்தப் புரோகிராம் தனியாக ஒரு ஃபைலில் எழுதி வைக்குமாம். பெட்டிக்குள்ளே தேடி அதை வெறும் எழுத்தாகத் திறந்தார்.

"வாசிங்க அண்ணாச்சி."

வாசித்தேன். நேரம், பன்னிரண்டு. நேரம், பன்னிரண்டு. பன்னிரண்டு. எங்கேயோ ஒரு நாலு. ஒரு ஒன்பது. மறுபடி பன்னிரண்டு. இறக்கினேன், இறக்கினேன், விரல் வலித்தது.

"தொடாம கிடக்கது மூவாயிரத்து இருநூத்திச் சொச்சம். எல்லாம் பன்னிரண்டு. பாவம், அந்தப் பலகை என்ன செய்யும்? மூச்சு முட்டிப் போச்சு."

பியூலா சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"பன்னிரண்டா? பூதத்தான் அண்ணன். லாரி டிரைவர். ரெண்டு காலும் முறிஞ்சு, தூக்கிக் கட்டிப் போட்டிருக்கு. மூணு மாசமாச்சு. முதல்ல எல்லாம் ஓடி ஓடிப் போனேன் மேடம். என்ன வேணும்னா ஒண்ணும் வேண்டாம்பாரு. திரும்பி வந்து உக்காந்தா மறுபடி பன்னிரண்டு. ஒரு நாள் பொறுக்க முடியாம வைதுட்டேன். அப்புறம் பன்னிரண்டு வந்தா போறதில்ல. 'பார்த்தாச்சு'ன்னு தொடுறதும் இல்ல. யாரு தொட்டுக்கிட்டே இருப்பா?"

மடியில் கிடந்த பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டார். "போகாதது தப்புதான்."

நான் துள்ளி எழுந்தேன்.

"கண்டுபிடிச்சாச்சும்மா! சிஸ்டர் அமத்தல. அந்த டிரைவர்தான் அடைச்சிருக்காரு. பன்னிரண்டாம் நம்பரை மட்டும் வெட்டி விட்டுருவோம். பலகை பஞ்சு மாதிரி பறக்கும்."

ஜன்னல் பக்கத்திலிருந்து தாணு சார் திரும்பினார். "அப்படியா சங்கதி? அந்த வயரை உருவுங்க வே மொதல்ல. விளையாடுதானா?"

உருவத்தான் கிளம்பினேன். இரண்டு அடி வைத்திருப்பேன்.

"அண்ணாச்சி, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல எத்தனை நிமிஷம் இருக்கு?"

திரும்பி வந்து பார்த்தேன். "ஆறு."

"அதுக்கு அடுத்து?"

"ஆறு. ஆறு. ஏழு. ஆறு."

"விளையாடுதவரு இப்படியா அமுக்குவாரு? இதை நீங்க வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"இல்லையேம்மா."

குரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு என்னைப் பற்றியது என்று தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வாங்க. அவர்ட்டயே கேட்டுட்டு வருவோம்."

பூதத்தானுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு காலும் கயிற்றில் மேலே தொங்கின, கயிற்று முனையில் எடைக்கல். கட்டில் கம்பியில் ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டி வைத்திருந்தார். வலது கையில் பட்டன், அதன் மேல் பெருவிரல். பக்கத்தில் பதினொன்றாம் கட்டில் காலியாக இருந்தது. புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

"நாங்க மணி ரிப்பேர் பாக்க வந்திருக்கோம்ணே" என்றார் குரு.

அந்த மனுஷர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று மாசத்தில் யாரும் அவரிடம் இவ்வளவு நல்ல செய்தி சொல்லியிருக்க மாட்டார்கள்.

"வந்துட்டீங்களா? வேலை செய்யுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லிருங்க மேடம்."

"நீங்க எதுக்கு ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை அமுக்குதீங்க?"

"வேற எப்படிப் பாக்க?" என்றார் பூதத்தான். "லாரியில ஏறினா முதல்ல ஹாரன் அடிச்சுப் பாப்பேன். பெறகுதான் மத்ததெல்லாம். ஹாரனாவது அடிச்சா என் காதுல கேக்கும். இது அமுக்கினா இங்க ஒரு சத்தமும் இல்ல. அங்க கேக்குதா கேக்கலயான்னு படுத்துக்கிடக்கவனுக்கு என்ன தெரியும்?"

"சிஸ்டர் முதல்ல எல்லாம் வந்தாங்களே?"

"வந்தாங்க. பாவம், ஓடி வருவாங்க. ஒரு நாள் காலையில கரண்டு போயிருந்திருக்கு. எனக்குத் தெரியாது. அவசரத்துக்குத் தட்டு வேணும்னு அமுக்குதேன், அமுக்குதேன், ஒரு மணி நேரம் யாரும் வரல. படுக்கையிலயே..." ஜன்னலைப் பார்த்தார். "லாரியில இருபத்தி ரெண்டு வருஷம் ஓடினவன் மேடம் நான். அன்னைக்குச் செத்துரலாம்னு இருந்துச்சு."

பெருவிரலால் பட்டனைத் தடவினார்.

"அதுலருந்துதான் மணிக்கு உயிர் இருக்கான்னு அப்பப்பப் பாத்துக்கிடுவேன். சிஸ்டர் வந்து என்ன வேணும்னு கேப்பாங்க. ஒண்ணும் வேண்டாம், மணி கேக்குதான்னு பாத்தேன்னு சொல்ல வெக்கமா இருக்கும். ஒரு நாள் வைதுட்டாங்க. அப்புறம் வாரதில்ல. மணி செத்துப்போச்சா, சிஸ்டர் கோவத்துல இருக்காங்களா? எனக்கு எப்படித் தெரியும்? அதான் அமுக்கிப் பாத்துக்கிட்டே கிடக்கேன்."

எனக்குத் தலையில் நறுக்கென்று குட்டு விழுந்த மாதிரி இருந்தது. இருக்கியா? இருக்கியா? பதில் வருகிற வரைக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு நான் தினமும் செய்கிற வேலையை இந்த மனுஷர் கால் இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு செய்துகொண்டிருந்தார். அதைத்தான் நான் வெட்டி விடக் கிளம்பினேன்.

"சனிக்கிழமை டெய்லர் கட்டிலை விட்டு இறங்கினப்ப நானும் சேந்து அமுக்கினேன் மேடம். விடாம அமுக்கினேன். போட்டுக் கத்தினேன். சிஸ்டர் அந்தக் கடைசி ரூம்ல மாவுக்கட்டு போட்டுக்கிட்டிருந்தாங்களாம், கேக்கல. கை நீட்டினா எட்டுற தூரம்தான். விழுததைப் படுத்துக்கிட்டே பாத்தேன்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "அண்ணாச்சி, நீங்க அமுக்கி அமுக்கித்தான் அந்தப் பலகை..."

குருவின் செருப்புக் குதி என் கால் பெருவிரல் மேல் ஏறியது. ஏ யப்பா! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல வேலை செஞ்சிரும்ணே" என்றார் குரு, ஒன்றும் நடக்காத மாதிரி.

நொண்டிக்கொண்டே மேஜைக்கு வந்தேன்.

"ஏம்மா சொல்ல விடல? உண்மைதான?"

"அவரு கால் ரெண்டும் தொங்குது அண்ணாச்சி. இதையும் சேத்துத் தொங்க விடணுமா?"

அந்த ஃபைலை முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் சேர்ந்து கிடந்த மூவாயிரத்து இருநூறையும் துடைத்தார். மூலையைத் தொட்டார். பலகை உடனே திறந்தது. செட்டிங்ஸும் திறந்தது. அதில் கீழே, கீழே, கடைசி வரைக்கும் போனார். ஒரு வரி இருந்தது. 'அழைப்பு வந்ததும் கட்டிலில் விளக்கு எரியட்டும்.' பக்கத்துக் கட்டத்தில் டிக் இல்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லாப் பட்டனிலும் ஒரு ஓரத்தில் கடுகளவு கண்ணாடி இருந்தது. அது எதற்கென்று நான் யோசித்ததே இல்லை.

"இதை யாரும்மா அமத்தினது? எவன் செஞ்ச வேலை இது?"

"நான்தான்."

குரு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வார்டு திறப்பு விழாவுக்கு முந்தின நாளு. பதினாறு விளக்கையும் சோதிக்க நேரமில்ல. பெறகு வந்து பாத்துக்கிடுவோம்னு அமத்தினேன். எட்டு மாசம் ஆச்சு."

டிக் போட்டார். "அண்ணே, அமுக்குங்க!" என்று குரல் கொடுத்தார். கம்ப்யூட்டரில் மணி அடித்தது. அங்கே பூதத்தான் கையில் பச்சையாக ஒரு பொட்டு எரிந்தது. அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். பச்சை. இன்னும் ஒரு தடவை. பச்சை. பிறகு பட்டனை மார் மேல் வைத்துக்கொண்டு கையை எடுத்தார்.

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஆறு நிமிஷம் ஆனது. பத்து ஆனது. பியூலா சிஸ்டர் மேஜையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பதினைந்து ஆனது. மணி அடிக்கவே இல்லை. மறுபடி உறைந்துவிட்டதோ என்று மூலையைத் தொட்டேன். பலகை சட்டென்று திறந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

எட்டிப் பார்த்தேன். பூதத்தான் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

நாலாம் கட்டில் மணி அடித்தது. சிஸ்டர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து 'பார்த்தாச்சு' என்று தொட்டார். நம்பர் மறைந்தது. அவ்வளவுதான் வேலை. இதற்காகவா இரண்டு வாரம்!

மணி மூன்றரை. தாணு சார் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "ரிப்போர்ட்டு கையில வேணும்" என்றார். பழைய கம்ப்ளெயின்ட்டைத் திரும்பத் திறந்தேன். காரணம் என்ற கட்டம் வந்தது. முதலில் அதே இரண்டு வார்த்தை நின்றது.

மவுஸை விட்டுவிட்டுக் குருவைப் பார்த்தேன்.

"என்ன போடட்டும்மா? டிரைவர்னு போட்டா அவரு வயரை உருவிருவாங்க. விளக்குன்னு போட்டா உங்க ஒப்பந்தம் போயிரும். சிஸ்டர்னு நான் ஏற்கெனவே போட்டுத் தொலைச்சாச்சு. யாரு தப்புதான் இது? நீங்களே ஒரு ஆளைச் சொல்லுங்க, போட்டுருதேன்."

குரு கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அன்றைக்கு அவர் இன்னும் இரண்டு பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது.

"ஆளைத் தேடாதீங்க. மணி அடிச்சவங்க யாரு யாருன்னு எழுதுங்க. ஒவ்வொருத்தருக்கும் என்ன பதில் போச்சுன்னு பக்கத்துல எழுதுங்க. அவ்வளவுதான் ரிப்போர்ட்டு."

கடைசியில் இருந்த 'மற்றவை'யைத் தொட்டேன். விளக்கம் கேட்டது. கேட்கும் என்று தெரியும்.

பன்னிரண்டாம் கட்டில், பூதத்தான். ஃபைலில் உள்ளபடி இருபது நாளாக மணி அடித்தார். விளக்கை அணைத்து வைத்திருந்ததால் மணி கேட்டதா என்று அவருக்குப் பதில் போகவில்லை.

"அமத்தினது ஷமீமான்னு என் பேரைப் போடுங்க. முழுப் பேரு, தேதி."

போட்டேன்.

பதினொன்றாம் கட்டில், டெய்லர். சனிக்கிழமை மணி அடித்தார். பலகை நிரம்பி உறைந்திருந்ததால் சிஸ்டருக்குக் கேட்கவில்லை. பதில் போகவில்லை.

"முடிஞ்சுதும்மா."

"இல்ல. இன்னொருத்தங்க இருக்காங்க. டெய்லர் விழுததுக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே மணி அடிச்சாங்க."

"எந்தக் கட்டில்?"

"கட்டில் இல்ல. இந்த நாற்காலி."

பியூலா சிஸ்டர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாக அடித்தேன். நர்ஸ் பியூலா. பலகை திறக்கவில்லை என்று போனில் மணி அடித்தார். தேதி போட்டேன். யாருக்கு என்று எழுத வேண்டும். திரவியத்துக்கு என்று எழுதினேன். அங்கே நிறுத்தினேன்.

மணி மூன்றே முக்கால்.

"இதை எழுதினா நாளைக்கு எனக்கு வேலை இருக்குமாம்மா?"

"தெரியல அண்ணாச்சி. எனக்கே இருக்குமான்னு தெரியல. நாலு மணிக்கு உங்க பக்கத்துல நானும் நிக்கேன்."

"இவங்களுக்குப் பதில் போகலன்னு போட முடியாதே. போச்சே. இங்க என்ன எழுத?"

குரு குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"என்ன போச்சோ அதைத்தான் எழுதணும். ரெண்டே வார்த்தைதான அண்ணாச்சி?"

எழுதினேன்.